53 வயதில் சைக்கிள் பழகிய தலைவி: ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொண்ட பிரான்சஸ் வில்லார்ட் யார்?

ரோட் பைக் ஓட்டுபவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. ஷூவை பெடலோடு மாட்டிக்கொள்ளும் க்ளிப்லெஸ் பெடலுக்கு மாறிய புதுசில் எங்கே விழுந்தீங்க என்று. பலரும் சொல்லும் பதில் ஒரே மாதிரி இருக்கும். வேகமாகப் போகும்போது விழவில்லை, சிக்னலில் நிற்கும்போதுதான் விழுந்தேன் என்பார்கள். கால் மாட்டியிருப்பது மறந்துபோய், பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அப்படியே சரிந்திருப்பார்கள்.

ஓட்டுவது இல்லை, இறங்குவதுதான் கஷ்டம். இதை 130 வருடங்களுக்கு முன்பே உணர்ந்து, அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ரேஸ் ஓட்டிய வீரர் இல்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய பெண்கள் அமைப்பின் தலைவி. பெயர் பிரான்சஸ் வில்லார்ட். சைக்கிள் பழக ஆரம்பித்தபோது அவருக்கு வயது 53.

அந்த வயதில், அவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவர், எதற்காக சைக்கிள் பழகினார்? அதற்கு அவருடைய சின்ன வயசிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாட்டுக்குச் சேணம் கட்டிய பெண்

1839 செப்டம்பர் 28-ம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் சர்ச்வில் என்ற ஊரில் பிறந்தார் பிரான்சஸ். அவருக்கு 6 வயது இருக்கும்போது குடும்பம் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தது. ஜேன்ஸ்வில் பக்கத்தில், ராக் ஆற்றின் கரையில் ஒரு பண்ணை. அண்ணன் ஆலிவர், தங்கை மேரி, நடுவில் பிரான்சஸ். வீட்டில் எல்லோரும் அவரை பிராங்க் என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஆம்பளைப் பெயர். தலைமுடியும் ஆண்பிள்ளை மாதிரி கட்டையாகத்தான் வெட்டியிருக்கும். மரம் ஏறுவது, வயலில் ஓடுவது, தச்சு வேலை செய்வது என்று அண்ணன் செய்யும் எல்லாவற்றையும் தானும் செய்தார்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அப்பா ஜோசியா சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளை குதிரை ஏறக் கூடாது என்பதுதான் அது. பிரான்சஸ் சண்டை போடவில்லை. வீட்டிலிருந்த ஒரு பசுவைப் பழக்கி, அதன் முதுகில் சேணம் கட்டி ஏறி உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு அப்பாவே இறங்கி வந்து குதிரைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

ஆனா அந்த ஓட்டமெல்லாம் 16-வது பிறந்தநாளோடு முடிந்தது. அன்றைய வழக்கப்படி தரையைத் தொடும் நீளப் பாவாடை, இடுப்பை இறுக்கும் கோர்செட், குதிகால் உயர்ந்த செருப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டு ஊசி குத்தினார்கள். இனி ஓடவும் முடியாது, மரம் ஏறவும் முடியாது. தன் வேலையே போய்விட்டது என்ற அர்த்தத்தில் அன்றைக்கு அவர் நாட்குறிப்பில் எழுதினார். வெளியில் நடப்பதில் இருந்த சந்தோஷமே அந்த உடையோடு போய்விட்டது என்று பல வருடம் கழித்து தன் சைக்கிள் புத்தகத்திலும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருடம், 1856-ல், இன்னொரு அடி. அமெரிக்க அதிபர் தேர்தல். 21 வயதான அண்ணன் ஆலிவர் அப்பாவோடு வண்டி ஏறி முதல் ஓட்டைப் போடக் கிளம்பினார். பிரான்சஸும் மேரியும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாட்டு மேல் தங்களுக்கும் அதே அக்கறை இருக்கும்போது, தங்களுக்கு மட்டும் ஏன் ஓட்டு இல்லை? அந்தக் கேள்வியை அவர் கடைசி வரை விடவே இல்லை.

வேலையை விட்டார், இயக்கம் கிடைத்தது

1859-ல் சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் கல்லூரிப் படிப்பை முடித்தார். பல ஊர்களில் ஆசிரியையாக வேலை பார்த்தார். சார்லஸ் ஃபவுலர் என்ற பாதிரியாரோடு திருமணம் நிச்சயமாகி, பிறகு அந்த உறவு முறிந்தது. 1862-ல் தங்கை மேரி 19 வயதில் இறந்துபோனார். தங்கையைப் பற்றித்தான் பிரான்சஸ் தன் முதல் புத்தகத்தை எழுதினார்.

1871-ல் எவன்ஸ்டன் மகளிர் கல்லூரியின் தலைவரானார். 2 வருடம் கழித்து அந்தக் கல்லூரி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பிரான்சஸ் அங்கே மாணவியருக்கான டீன் ஆனார். இங்கேதான் விதி விளையாடியது. பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? அதே சார்லஸ் ஃபவுலர். மாணவியர் விஷயத்தில் யாருக்கு அதிகாரம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1874-ல் பிரான்சஸ் ராஜினாமா செய்தார். 34 வயது. கையில் வேலை இல்லை.

அதே நேரத்தில் ஒஹையோ மாகாணத்தில் ஒரு போராட்டம் வெடித்திருந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக மதுக்கடைகள் முன்னால் மண்டியிட்டு ஜெபம் செய்து, கடையை மூடச் சொன்னார்கள். காரணம் நமக்குப் புதுசு இல்லை. கூலிப் பணம் குடியில் கரைந்தது, வீட்டில் அடி உதை. மனைவிக்குச் சொத்தில் உரிமை குறைவு, ஓட்டோ சுத்தமாக இல்லை. புருஷன் குடித்தால் அவள் போய் நிற்க இடம் கிடையாது.

அந்தப் போராட்டத்திலிருந்து 1874 நவம்பரில் பிறந்ததுதான் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம். பிரான்சஸ் அதன் செயலாளரானார். 1879-ல் தலைவரானார். இறக்கும் வரை, 19 வருடம், அந்தப் பதவியில் அவர்தான் இருந்தார்.

வெறும் மதுவிலக்கு மட்டும் இல்லை

அவருடைய பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. ஓட்டுரிமை வேண்டும் என்று நேரடியாகக் கேட்டால் அன்றைய நடுத்தரக் குடும்பப் பெண்களே பயந்து ஒதுங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அதற்கு வீட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார். மதுக்கடையிலிருந்து வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓட்டு வேண்டும், இல்லையா? அடுப்படியைத் தாண்டாத பெண்களும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டார்கள்.

சங்கத்தின் வேலையும் விரிந்துகொண்டே போனது. பெண்களுக்குத் தனிச் சிறை வசதி, சிறுமிகளைப் பாதுகாக்க சம்மத வயதை உயர்த்துவது, தொழிலாளருக்கு 8 மணி நேர வேலை என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். 1883-க்குள் நாட்டின் எல்லா மாகாணங்களுக்கும் போய்ப் பேசிவிட்டார். ரயில், மேடை, கடிதம், மறுபடி ரயில். இதுதான் அவருடைய 40-களும் 50-களின் தொடக்கமும்.

1892-ல் அம்மா இறந்தார். பிரான்சஸுக்கு அம்மாதான் எல்லாம். பல வருட அலைச்சலோடு அந்தத் துக்கமும் சேர்ந்தபோது உடம்பு விட்டுக்கொடுத்தது. ஓய்வுக்காக இங்கிலாந்து போனார். அங்கே அவருடைய தோழி, பிரிட்டிஷ் மதுவிலக்கு இயக்கத் தலைவி இசபெல் சாமர்செட்டின் ரைகேட் வீட்டில் தங்கினார். அந்தத் தோழி கொடுத்த பரிசுதான் ஒரு சைக்கிள்.

வந்தாள் கிளாடிஸ்

சைக்கிளுக்கு பிரான்சஸ் வைத்த பெயர் கிளாடிஸ். ஆங்கிலத்தில் கிளாட் என்றால் மகிழ்ச்சி. அந்த ஓட்டம் தரும் சந்தோஷத்தை நினைத்து வைத்த பெயர்.

அன்றைக்கு சைக்கிளே ஒரு புது அதிசயம். முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும் பழைய மாடலை விட்டு, இரண்டு சக்கரமும் ஒரே அளவாக, செயின் வைத்த சைக்கிள் 1885-ல்தான் இங்கிலாந்தில் பிரபலமாக ஆரம்பித்தது. காற்றடைத்த டயர் 1888-ல் வந்தது. இவை இரண்டும் சேர்ந்த பிறகுதான் பாவாடை கட்டிய பெண்ணும் சைக்கிளில் உட்கார முடிந்தது. உடனே எதிர்ப்பும் வந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டினால் உடம்பு கெடும், முகம் கோணிப்போகும் என்று சில டாக்டர்களே எழுதினார்கள்.

இந்த நிலைமையில் 53 வயதுப் பெண், அதுவும் ஒரு கிறிஸ்தவ அமைப்பின் தலைவி, சைக்கிள் ஏறினால் எப்படி இருக்கும்? அதனால்தான் ஏறினார். தன் காரணங்களை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். சாகசம் மேல் இருந்த ஆசை ஒன்று. புதுசாக வந்த ஒரு சக்தியைத் தன் காலடியில் கொண்டுவரும் விருப்பம் இன்னொன்று. கடைசிக் காரணம்தான் நமக்கெல்லாம் பிடித்த காரணம். இந்த வயதில் இவரால் முடியாது என்று நிறைய பேர் நினைத்தார்கள்.

உடையிலும் கவனமாக இருந்தார். அப்போது சர்ச்சையைக் கிளப்பிக்கொண்டிருந்த தொளதொள கால்சட்டையைப் போடவில்லை. முரட்டுக் கம்பளித் துணியில் பாவாடை, பிளவுஸ், வைக்கோல் தொப்பி. பாவாடையின் விளிம்பு தரையிலிருந்து 3 அங்குலம் மேலே. அவ்வளவுதான் மாற்றம். 16 வயதில் காலைக் கட்டிப்போட்ட அதே பாவாடையை 3 அங்குலம் உயர்த்தி, பெடல் போடும் அளவுக்கு இடம் பிடித்துக்கொண்டார்.

எப்படிக் கற்றுக்கொண்டார்?

முதலில் ஆட்கள் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பயந்து பயந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிறகு இருபக்கமும் தோழிகள். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஒருவர். தினமும் சுமார் 15 நிமிடம்தான் பயிற்சி. மொத்தம் 3 மாதம்.

அவர் கற்ற வரிசையைக் கவனியுங்க. முதலில் பெடல் போடுவது. இரண்டாவது திரும்புவது. மூன்றாவது இறங்குவது. நான்காவதாகத்தான் தானாக ஏறுவது. அதாவது யார் உதவியும் இல்லாமல் ஏறக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, எப்படி இறங்குவது என்று கற்றுக்கொண்டுவிட்டார். பத்திரமாக இறங்கத் தெரிந்த பிறகு, தைரியமாக ஏற என்ன தடை?

இன்னொரு பாடமும் அவருக்குக் கிடைத்தது. சக்கரத்தையே குனிந்து பார்த்தால் சைக்கிள் தள்ளாடும். தலையை நிமிர்த்தி, போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் நேராக ஓடும். விழுந்துவிடுவோமோ என்ற நினைப்புதான் பாதி நேரம் ஆளைத் தள்ளிவிடுகிறது என்று புரிந்துகொண்டார். இதை வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்த்தார்.

ஒரு ஜனவரி 20-ம் தேதி, யாரும் பிடிக்காமல், பக்கத்தில் யாரும் நிற்காமல், தானாக ஏறித் தானாக ஓட்டினார். பாவாடை அவரை வீட்டுக்குள் உட்காரவைத்து ஏறக்குறைய 38 வருடம் ஆகியிருந்தது.

1895-ல் இந்த அனுபவத்தை எ வீல் விதின் எ வீல் என்ற சின்னப் புத்தகமாக எழுதினார். சைக்கிள் பழக நினைத்த பல பெண்களுக்கு அது துணிச்சல் கொடுத்தது. அடுத்த வருடம், ஓட்டுரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனி ஒரு பேட்டியில், பெண் விடுதலைக்கு உலகில் வேறு எதையும் விட சைக்கிள்தான் அதிகம் செய்திருக்கிறது என்ற கருத்தைச் சொன்னார்.

கிளிப் பெடல்காரர்களுக்கும் இதே பாடம்தான்

இப்போ ஆரம்பத்தில் பார்த்த சிக்னலுக்குத் திரும்பி வருவோம். நின்ற இடத்தில் ஏன் விழுகிறார்கள்?

சைக்கிள் ஓடும்போது ஒரு பக்கம் சாய்ந்தால், ஹேண்டில்பாரை அந்தப் பக்கமே லேசாகத் திருப்புவோம். நமக்குத் தெரியாமலே இது நடக்கும். சக்கரம் மறுபடி உடம்புக்கு நேர் கீழே வந்துவிடும். வேகம் இருந்தால் சின்னத் திருப்பமே போதும். வேகம் குறையக் குறைய பெரிய திருப்பம் தேவை. நின்றுவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் பலன் இல்லை, கால் ஊன்றித்தான் ஆக வேண்டும்.

க்ளிப்லெஸ் பெடலில் அந்தக் கால்தான் மாட்டியிருக்கும். ஷூவின் அடியில் கிளீட் என்ற சின்னக் கட்டை இருக்கும். அழுத்தினால் பெடலில் இருக்கும் ஸ்பிரிங்கில் டக் என்று மாட்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பனிச்சறுக்கு பூட்ஸுக்கு மாட்டுக் கருவி தயாரித்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-ல் அதே யோசனையை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 1985-ல் பெர்னார்ட் ஹினோ இந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்த பிறகு உலகமே மாறியது. அதற்கு முன் வீரர்கள் காலை டோ கிளிப் என்ற கூட்டுக்குள் விட்டு வாரால் இறுக்குவார்கள். அந்தக் கிளிப் இல்லாத பெடல் என்பதால்தான் இதற்கு இந்தப் பெயர்.

பதறினால் காலை நேராக மேலே இழுப்போம், அல்லது பக்கவாட்டில் இழுப்போம். இரண்டுக்கும் கழலாது. திருப்ப வேண்டும். அந்த அசைவு மூளைக்குப் புதுசு என்பதால்தான் விழுகிறோம். வில்லார்டின் வரிசையையே பின்பற்றலாம். மாட்டுவதை விடக் கழற்றுவதை முதலில் பழகுங்க. சுவரையோ தூணையோ பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் பலமுறை கழற்றிப் பாருங்க. பெடல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் குறைத்து வையுங்க. அடுத்து, வண்டி இல்லாத புல் மைதானம். ரோட்டில் போகும்போது பிரேக் பிடிப்பதற்கு முன்பே ஒரு காலைக் கழற்றிவிடுங்க, நின்ற பிறகு இல்லை. தினம் 15 நிமிடம் போதும்.

அவர் சறுக்கிய இடம்

பிரான்சஸ் வில்லார்டைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அவருடைய பெற்றோர் அடிமை முறையை எதிர்த்தவர்கள். ஆனாலும் 1890-ல் கொடுத்த ஒரு பேட்டியில், தெற்கு மாகாணங்களின் கறுப்பின மக்களைக் குடிகாரர்களாகவும் வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஆபத்தானவர்களாகவும் காட்டும் விதத்தில் பேசினார். கறுப்பினத்தவர்களைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொன்ற வெறியர்கள் சொன்ன நியாயமும் அதேதான்.

அந்தக் கொலைகளை ஆதாரத்தோடு வெளிக்கொண்டுவந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், 1894-ல் இங்கிலாந்து வந்தபோது இந்தப் பேட்டியை மறுபடி அச்சிட வைத்தார். வில்லார்டும் சாமர்செட்டும் பதிலுக்கு வெல்ஸைக் குறை சொன்னார்கள். பிறகு வில்லார்டின் சங்கம் கும்பல் கொலையைக் கண்டித்தாலும், தான் பேசியது தப்பு என்று அவர் முழு மனசோடு ஒப்புக்கொள்ளவில்லை. தெற்கில் அவருடைய சங்கம் இனவாரியாகப் பிரிந்தே இயங்கியது. சைக்கிளிலிருந்து இறங்கக் கற்றுக்கொண்டவர், இந்த விஷயத்தில் மட்டும் கடைசி வரை இறங்கி வரவில்லை. பெண்களின் உரிமையைக் கேட்ட அவரால் எல்லாப் பெண்களுக்காகவும் நிற்க முடியாமல் போனது.

கடைசி நாட்கள்

1890-களின் நடுவிலேயே ரத்தசோகை அவரை வாட்ட ஆரம்பித்துவிட்டது. 1898 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தபோது இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் சேர்ந்துகொண்டது. பிப்ரவரி 17-ம் தேதி காலமானார். வயது 58. அவருடைய சாம்பல், சிகாகோ ரோஸ்ஹில் கல்லறையில் அம்மாவின் அருகில் வைக்கப்பட்டது.

1905-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இல்லினாய்ஸ் மாகாணத்தின் சார்பில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலை மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 1920-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அதே வருடம் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமையும் கிடைத்தது. கள்ளச்சாராயமும் ரவுடிக் கும்பல்களும் பெருகிய பிறகு, 1933-ல் மதுவிலக்கை நீக்கிவிட்டார்கள். ஓட்டுரிமை நிலைத்தது.

ஜன்னலில் நின்று அண்ணனைப் பார்த்த அந்தப் பெண் ஒரு அதிபர் தேர்தலில்கூட ஓட்டுப் போடவில்லை. அதற்கு 22 வருடம் முன்னாடியே போய்விட்டார். ஆனா எவன்ஸ்டனில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். கிளாடிஸும் அங்கேதான் நிற்கிறாள்.

சைக்கிளோ, ஸ்கூட்டரோ, நீச்சலோ, இந்த வயசுக்கு மேல் எதற்கு என்று நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் விஷயம் ஏதாவது இருக்கா? பிரான்சஸ் வில்லார்டுக்கு ஆனது 3 மாதம், தினம் கால் மணி நேரம். முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்க, அப்புறம் ஏறுங்க.